எல்லா அலாரத்துக்கும் ஒரே ஹார்ன்: ஆலை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலை மேலாளர் அவர்களுக்கும் இன்ஸ்ட்ருமென்ட் துறைப் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். கட்டுப்பாட்டு அறை ஆபரேட்டர்களான நாங்கள் எழுதுகிறோம். கம்ப்ரசர் டிரிப் ஆகி நின்ற இரவைப் பற்றிய விசாரணை அறிக்கையை நீங்கள் அனைவரும் படித்திருப்பீர்கள். அதனால் நடந்ததை இங்கே மீண்டும் விவரிக்கவில்லை. வாயுவோடு வரும் திரவத்தைப் பிரித்துப் பிடிக்கும் நாக்-அவுட் டிரம்மில் திரவ மட்டம் உயர்ந்ததற்கான அலாரம் ஒலித்தும் ஆபரேட்டர் உரிய நேரத்தில் கவனிக்கவில்லை என்று அதில் உள்ள ஒரு வரிக்காக மட்டுமே இந்த மடலை எழுதுகிறோம். அந்த அலாரம் வந்தது உண்மை. அது வருவதற்கு முன்பிருந்தே ஹார்ன் ஒலித்துக்கொண்டிருந்தது என்பதும், புதிய அலாரத்தால் அந்த ஓசையில் எந்த மாற்றமும் ஏற்படவில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை. அறிக்கையில் இந்த இரண்டாவது உண்மைக்கு இடமில்லை.

எங்கள் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஆபரேட்டர் குறித்த நேரத்துக்குள் ஏதேனும் செய்தாக வேண்டிய அலாரங்கள் மட்டும் ஒலிக்கட்டும்; அவற்றிலும் முன்னுரிமைக்கு ஏற்ப ஓசை வேறுபடட்டும். ஆலையை இயக்கும் கணினிக் கட்டுப்பாட்டு அமைப்பான டிசிஎஸ்ஸில் ஒவ்வொரு முன்னுரிமைக்கும் தனி ஓசை ஒதுக்கும் வசதி இருக்கிறது. ஆனால் நிறுவியபோது இருந்த அமைப்பு அப்படியே தொடர்வதால், பக்கத்துக் கன்சோலின் (ஆபரேட்டர் அமரும் திரை மேசையின்) ஹார்னையும் எங்கள் ஹார்னையும்கூடக் காதால் பிரித்தறிய முடிவதில்லை.

இதனால் நேரும் துன்பங்களில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். எங்கள் கன்சோலில் ஹார்னை அடக்குவதற்கும் அலாரத்தை ஏற்றுக்கொண்டதாகப் பதிவதற்கும் ஒரே பொத்தான்தான் ஒதுக்கப்பட்டிருக்கிறது. யூனிட் நிலைகுலையும் நேரத்தில், வால்வுக்கு அருகில் நிற்கும் ஃபீல்டு ஆபரேட்டருடன் நாங்கள் வாக்கி-டாக்கியில் பேசியே ஆக வேண்டும். அவர் "மூட முடிந்தது" என்கிறாரா, "மூட முடியவில்லை" என்கிறாரா என்பது கடைசி அசைகளில்தான் தெரியும். அந்த அசைகளைத்தான் ஹார்ன் விழுங்கிவிடுகிறது. அவர் சொல்வது காதில் விழ வேண்டுமானால் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்திய உடனே அந்தப் பக்கத்தில் மின்னிக்கொண்டிருந்த அலாரங்கள் அனைத்தும், நாங்கள் படித்தவையும் படிக்காதவையும், ஏற்கப்பட்டவையாகி மின்னுவதை நிறுத்திவிடுகின்றன. பதிவில் நேரமும் எங்கள் பெயரும் ஏறிவிடுகின்றன. பின்னர் வரும் விசாரணைக்கு அதுவே நாங்கள் பார்த்தோம் என்பதற்குச் சாட்சியாகிறது. அழுத்தாமல் விட்டாலோ, வெளியே நிற்கும் சக ஊழியரின் உயிரோடு தொடர்புள்ள பதில் எங்கள் காதுக்கு எட்டுவதில்லை. இந்த இரண்டில் ஒன்றை ஒரு நொடிக்குள் தேர்ந்தெடுக்கும் நிலையில் ஒருவரை உட்கார வைத்துவிட்டு, அவர் கவனிக்கவில்லை என்று எழுதுவது நியாயமன்று. ஹார்னை அடக்கத் தனிப் பொத்தானும், அடக்கிய பின்பும் ஏற்கும்வரை மின்னிக்கொண்டிருக்கும் அலாரமும் அலாரத்தை விளக்குகளால் காட்டும் பழைய அனன்சியேட்டர் பலகைகள் பலவற்றிலேயே இருந்தன.

ஹார்ன் ஏன் ஓய்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியாததன்று. நிறுத்தி வைத்திருக்கும் ஸ்டாண்ட்பை பம்பின் டெலிவரி அழுத்தம் குறைவு என்று ஒரு அலாரம் வருகிறது. நின்றிருக்கும் பம்பில் அழுத்தம் குறைவாகத்தான் இருக்கும். குழாயில் ஓட்ட அளவு அலார எல்லைக்கு மேலும் கீழும் துள்ளும்போது ஒரே அலாரம் வந்தும் போயும் திரும்பத் திரும்ப ஹார்னைத் தட்டுகிறது. இதைத் தடுக்க டெட்பேண்ட் (அலாரம் அடங்க அளவு எல்லையிலிருந்து விலக வேண்டிய தூரம்), தாமதம் (அளவு எல்லையைத் தாண்டி நிலைக்க வேண்டிய நேரம்) என்ற இரண்டுக்கும் ஐஎஸ்ஏ 18.2 என்ற அலார மேலாண்மைத் தரநிலை தொடக்க மதிப்புகளைப் பரிந்துரைக்கிறது: டெட்பேண்ட் ஓட்டத்துக்கும் மட்டத்துக்கும் 5 சதவீதம், அழுத்தத்துக்கு 2, வெப்பநிலைக்கு 1, தாமதம் ஓட்டத்துக்கும் அழுத்தத்துக்கும் 15 நொடி, மட்டத்துக்கும் வெப்பநிலைக்கும் 60 நொடி. எங்கள் யூனிட்டின் பல டேக்குகளில் (அளவிடும் புள்ளிகளில்) இரண்டுமே பூஜ்யமாக இருக்கின்றன. அதற்காக இந்த எண்களை எல்லா இடத்திலும் ஒரேயடியாகப் போட்டுவிடவும் கூடாது. சில நொடிகளில் நிரம்பிவிடும் சிறு கலத்துக்கு 60 நொடித் தாமதம் வைப்பது ஆபத்து. ஆகவேதான் ஒவ்வொரு டேக்கையும், அந்தக் கன்சோலில் உட்காருபவரை உடன் வைத்துக்கொண்டு ஆராய வேண்டும் என்கிறோம்.

1994 ஜூலை 24 அன்று வேல்ஸின் மில்ஃபோர்டு ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நேர்வதற்கு முந்தைய கடைசி 11 நிமிடங்களில், இரண்டு ஆபரேட்டர்கள் 275 அலாரங்களை எதிர்கொண்டார்கள். அங்கும் நிரம்பி வழிந்தது, மிகை வாயுவை எரிக்கும் ஃபிளேருக்குப் போகும் வழியில் உள்ள நாக்-அவுட் டிரம்தான். அந்த விபத்துக்குப் பிறகு 1999இல் வந்த இஇஎம்யுஏ 191 என்ற அலார அமைப்பு வழிகாட்டி, இயல்பான இயக்கத்தில் ஒரு ஆபரேட்டருக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு அலாரத்துக்கு மேல் வராமலிருப்பதே ஏற்கத்தக்கது என்கிறது. உயர் முன்னுரிமை அலாரங்கள் மொத்தத்தில் 5 சதவீதத்தை ஒட்டியே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எங்கள் திரையில் எது உயர் முன்னுரிமை இல்லை என்று தேட வேண்டியிருக்கிறது.

இதைவிட ஆழமாக மனத்தை வருத்துவது வேறொன்று. ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் அமைக்கப்படும் குழு, கூடுதலாக ஒரு அலாரம் வைக்கப் பரிந்துரை செய்துவிட்டுக் கலைகிறது. தேவையற்ற ஒன்றை நீக்கச் சொன்ன குழு எதையும் நாங்கள் கண்டதில்லை. முழுத் தொகுதியாகவே வாங்கப்படும் புதிய பேக்கேஜ் யூனிட் வரும்போது விற்பனையாளர் தரும் அலாரப் பட்டியல் முழுவதும் ஹார்னோடு இணைக்கப்படுகிறது. கட்டுப்பாட்டு அறையில் எட்டு மணி நேரம் உட்காராதவர்கள் சேர்த்துக்கொண்டே போக, உட்காருபவர்கள் தாங்கிக்கொள்ள வேண்டும் என்றால், அதற்குப் பாதுகாப்பு என்று பெயரிட எங்களால் இயலவில்லை. ஹார்னின் ஒலிபெருக்கியைத் துணியால் மூடுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்ற உங்கள் சுற்றறிக்கையை நாங்கள் மறுக்கவில்லை. 2010இல் 11 பேரைப் பலிகொண்ட டீப்வாட்டர் ஹொரைசன் என்ற கடல் எண்ணெய்த் துளையிடும் கலத்தில், பொய் அலாரங்கள் உறங்குவோரை எழுப்பக் கூடாதென்று பொது அலாரம் தானாக ஒலிக்காதபடி தடுத்து வைக்கப்பட்டிருந்ததாக விசாரணையில் சாட்சியம் அளிக்கப்பட்டது. அலாரத்தை அடக்குவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாங்கள் அறிவோம். அடக்கத் தூண்டும் நிலையை மாற்றும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது.

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளவும். நாங்கள் செயல்பட வேண்டிய அலாரம் மட்டும் ஒலிக்கட்டும், முன்னுரிமைக்கு ஏற்ப ஓசை வேறுபடட்டும் என்பதையே மீண்டும் பணிவோடு கேட்கிறோம். அலார ஆய்வு முழுமையாக முடியக் காலம் பிடிக்கும் என்பதை உணர்கிறோம். ஆனால் ஹார்னை அடக்கும் பொத்தானைப் பிரிப்பதும் முன்னுரிமைக்கு ஒன்றாக மூன்று ஓசைகளை ஒதுக்குவதும் அதற்காகக் காத்திருக்க வேண்டியவை அல்ல. மாற்ற மேலாண்மைப் படிவத்தில் ஒப்புதல் தந்தால் அவற்றை முதலில் செய்துவிடலாம். மிக அதிகமாக ஒலிக்கும் டேக்குகளின் பட்டியலை ஒவ்வொரு ஷிஃப்டிலிருந்தும் தயாரித்துத் தர நாங்கள் முன்வருகிறோம். உங்கள் பொறியாளர்கள் எங்களோடு உட்காருவதற்கு ஒரு தேதியை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
கட்டுப்பாட்டு அறை ஆபரேட்டர்கள்