மூன்றாவது பூனை வருவதற்கு முன்

மதுரை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி தெருமுனையிலிருந்து தூக்கி வந்த குட்டியையும் சேர்த்தால் இனி வீட்டில் மூன்று பூனைகள் என்றும், வைரஸ் நோய்கள் அண்டாமல் இருக்க எந்தத் தடுப்பூசியை முதலில் போடுவது என்றும் கேட்டிருக்கிறாய். ஊசியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். கால்நடை மருந்தகத்தில் பணியாற்றிய காலமெல்லாம் நான் கண்டது இதுதான்: ஒரு பூனைக்குத் தொற்று வருமா வராதா என்பதைப் பெரும்பாலும் அதன் வயதும், அது எந்தப் பூனைகளோடு எப்படிப் பழகுகிறது என்பதுமே முடிவு செய்கின்றன. ஆகவே உன் வீட்டுப் பூனைகளை வைத்தே எழுதுகிறேன்.

முதலில் கருப்பன். அவன் கன்னத்தில் எலுமிச்சை அளவுக்கு வீங்கி, பிறகு உடைந்து சீழ் வடிந்தது என்று எழுதியிருந்தாய். எங்கோ இடித்துக்கொண்டான் என்பது உன் எண்ணம். அது இன்னொரு கடுவனின் கோரைப்பல் இறங்கிய இடமாகத்தான் இருக்க வேண்டும். பூனையின் பல் மெல்லியது. தோலில் விழுந்த துளை சீக்கிரமே மூடிக்கொள்ள, உள்ளே போன கிருமி அங்கேயே சீழ் கட்டும். அதே துளை வழியாக, கடித்த பூனையின் எச்சிலில் இருக்கும் பூனை எய்ட்ஸ் வைரஸும் உள்ளே போகக்கூடும். 1986-இல் கலிபோர்னியாவின் பெட்டலூமாவில், ஏராளமான பூனைகளை ஒன்றாக வளர்த்துவந்த ஓரிடத்தில் இந்த வைரஸை நீல்ஸ் பெடர்சன், ஜேனட் யமமோட்டோ ஆகிய இருவரும் கண்டறிந்தார்கள். அது முதல் எல்லா ஊர்களிலும் தெரியவந்த செய்தி ஒன்றே: கருத்தடை செய்யாத, வெளியே சுற்றுகிற, எல்லைக்காகச் சண்டையிடுகிற வயதுவந்த கடுவன்களிடமே இது மிகுதி. ஒரே கிண்ணத்தில் சாப்பிடுவதால் இது பரவுவது அரிது. ஆகவே கருப்பனுக்கு இப்போது வேண்டியது கருத்தடை அறுவை சிகிச்சை. அதை இரண்டு வருடமாகத் தள்ளிப்போடுகிறாய் என்று தங்கை கமலா என்னிடம் தொலைபேசியில் குறைப்பட்டுக்கொண்டாள். பெயரைக் கேட்டு அவளைப் பயப்பட வேண்டாம் என்று சொல். இந்த வைரஸ் மனிதருக்குத் தொற்றுவதில்லை. தொற்றிய பூனைகளும் நல்ல கவனிப்பில் பல ஆண்டுகள் வாழ்கின்றன.

செல்லியின் ஆபத்து வேறு வகையானது. அவளுடைய அன்புக் குணத்திலேயே இருப்பது. 1964-இல் கிளாஸ்கோவில் வில்லியம் ஜாரெட் கண்டறிந்த பூனை லுக்கேமியா (இரத்தப் புற்றுநோய்) வைரஸ் எச்சிலில் நிறைய இருப்பதால், ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்வதும் ஒரே தட்டில் உண்பதுமே அது பரவப் போதுமானவை. தாயிடமிருந்து குட்டிக்கும் வரும். வெளிக்காற்றில் அது நெடுநேரம் தாங்காது. ஆனால் எந்நேரமும் உரசிக்கொண்டு திரியும் பூனைகளுக்கிடையே அது வெளிக்காற்றில் தாங்க வேண்டிய தேவையே இல்லை. வயது ஏற ஏறப் பூனைக்கு ஓரளவு எதிர்ப்பு வந்துவிடுவதால், அதிகம் அடிபடுவன குட்டிகளே. புதுக்குட்டியின் இரத்தத்தைச் சோதித்த பிறகே செல்லியோடு பழகவிடு. முடிவு நல்லதாக வந்தாலும், அண்மையில் தொற்றியிருந்தால் முதல் சோதனையில் அகப்படாது என்பதால், ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். எய்ட்ஸ் வைரஸ் சோதனையில் உள்ள சிக்கல் இதற்கு நேர்மாறானது: ஆறு மாதத்துக்குள் உள்ள குட்டிக்கு, வைரஸ் தொற்றாவிட்டாலும், தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருளே ‘இருக்கிறது’ என்று காட்டிவிடும், அதை நம்பிக் குட்டியைக் கைவிட்டவர்கள் உண்டு.

எனக்கு உண்மையான கவலை குட்டியின் குடலைப் பற்றியது. வெள்ளையணுக்களை அடியோடு குறைத்துவிடும் பார்வோ வைரஸ் நோயில், நேற்றுவரை துள்ளிய குட்டி இன்று தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டுக் குடிக்காமலே உட்கார்ந்திருக்கும். வாந்தியும் பேதியும் தொடர்ந்தால் ஓரிரு நாளில் கதை முடிந்துவிடுவதும் உண்டு. நோயுற்ற பூனையை நேரில் பார்க்காமலே இது வரலாம், ஏனெனில் இந்த வைரஸ் தரையிலும் துணியிலும் செருப்படியிலும் மாதக்கணக்கில், ஏன், ஓராண்டு வரைகூட உயிர்ப்போடு இருக்கும். இதற்கு முன் ஓர் அறையில் ஒரு குட்டி பேதியால் இறந்திருந்தால், தடுப்பூசி போடாத குட்டியை அங்கே விடவே கூடாது. நம் வீடுகளில் பினாயில் ஊற்றித் துடைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறோம். இந்த வைரஸுக்கு அதை நம்ப முடியாது; பாதத்தை நக்கும் பூனைக்கோ அதுவே நஞ்சு. பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊறவிட்டு, பிறகு நன்றாகக் கழுவிக் காயவிடுவதே சரி.

தும்மலும் கண்ணில் பீளையும் வருகிற பூனை ஹெர்பஸ் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். ஒருமுறை வந்தால் அது பெரும்பாலும் நரம்பில் பதுங்கிக்கொள்ளும். வீடு மாற்றம், காப்பகத்தில் விட்டுச் செல்வது, புதுப் பூனையின் வரவு போன்ற எந்த மன உளைச்சலுக்கும் ஒரு வாரம் கழித்து வெளிவரும். குட்டியைக் கொண்டுவந்த பிறகு செல்லி தும்மினால், குட்டிதான் நோயைக் கொண்டுவந்தது என்று பேத்தியைக் கடிந்துகொள்ளாதே.

மூன்று பூனைக்கு ஒரே மணல் தட்டு என்பதையும் மாற்று. பூனைக் கொரோனா வைரஸ் மலத்தின் வழியாகப் பரவுவது. பெரும்பாலான பூனைகளுக்கு லேசான பேதியோடு போய்விடும், ஆனால் மிகச் சிலவற்றின் உடலுக்குள் அது உருமாறி, வயிற்றில் நீர் கோக்கும் கொடிய நோயாகிறது. இரண்டு வயதுக்குட்பட்டவையும் நெரிசலில் வளர்பவையும்தான் அதற்கு அதிகம் இரையாகின்றன. 2023-இல் சைப்ரஸ் தீவில் நாய்க் கொரோனாவின் கூறு கலந்த புது வகை ஒன்று பரவிப் பூனைகள் மடிந்தபோது, மனிதருக்காக வாங்கி வைத்திருந்த கோவிட் மாத்திரைகளைப் பூனைகளுக்குக் கொடுக்க அந்நாட்டு அரசு அனுமதித்தது. இதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சியாகவே இருந்தது.

கோழிக்கடையில் வாங்கும் பச்சைக் கழிவை வேகவைக்காமல் போடுகிறாய் என்று நினைவு. பறவைக் காய்ச்சல் பூனையைக் கொல்லும்; 2024-இல் டெக்சாஸ் பண்ணைகளில் அந்தக் காய்ச்சல் தொற்றிய மாடுகளின் காய்ச்சாத பாலைக் குடித்த பூனைகள் பல மாண்டன. வேகவைத்துப் போடு.

இனி ஊசி. எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை பார்வோவும் ஹெர்பஸும் சேர்ந்த தடுப்பூசியைப் போட வேண்டும். தாய்ப்பாலில் வந்த எதிர்ப்பாற்றல் முதல் ஊசிகளைச் செயலற்றதாக்கிவிடலாம் என்பதால் ஒன்றோடு நிறுத்தக் கூடாது. மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. இது மட்டும் பூனையோடு உங்களுக்காகவும் போடுவது, ஆகவே கருப்பனுக்கும் செல்லிக்கும் போட்ட தேதி தெரியாவிட்டால் இந்த வாரமே போட்டுவிடு. இரத்தச் சோதனை முடிவு தெரியும்வரை குட்டி மாடி அறையில் தனித்தட்டு, தனிக்கிண்ணத்தோடு இருக்கட்டும்; நீ முதலில் பெரிய பூனைகளைக் கவனித்துவிட்டு, கடைசியாக அங்கே போ.

சோதனை முடிவு வந்ததும் எழுது. கருப்பனின் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்ததையும் அதே கடிதத்தில் எதிர்பார்க்கிறேன். கமலாவுக்கும் பேத்திக்கும் என் அன்பு.

என்றும் உன்,
ராமநாதன்