பெகுவுக்கு ஒரு கடிதம்: திண்ணையில் கிடக்கும் பின் சக்கரம்

மோல்மீன், பர்மா,
ஆடி மாதக் கடைசி

அன்புள்ள மச்சானுக்கு,

நலம், நலமறிய ஆவல். ஒருவழியாகப் பெகுவில் குடியேறிவிட்டாய். அக்கா வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை, முற்றத்தில் முருங்கை மரம், தெருமுனையில் டீக்கடை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? ரங்கூன் மாடி வீட்டில் படியேறி இறங்கியே முழங்காலைத் தேய்த்துக்கொண்டவன், இனி காலையில் மொகிங்கா மீன் நூடுல்ஸையாவது உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடு.

இங்கே மழை விடுவதாக இல்லை. மோல்மீன் மழையைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா? வருஷத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற ஊர். துணி காயவில்லை, கதவு ஊறிப்போய்ச் சாத்த முடியவில்லை, உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கிறது. கரண்ட் வருகிற நேரம் பார்த்து உன் தங்கச்சி சோறு வைக்கிறாள், அவள் கோபத்துக்கும் அந்த நேரம்தான் கணக்கு. பெரியவளுக்குப் பையன் பிறந்திருக்கிறான். பெயர் வைப்பதில் இரண்டு வீட்டுக்கும் இன்னும் ஒத்துவரவில்லை. நான் அந்தப் பக்கமே போகவில்லை.

சரி, வண்டிக்கு வருகிறேன். பிரேக் ஷூ மாற்றப் பின் சக்கரத்தைக் கழற்றிய மருமகன் பாதியிலேயே வேலை கிடைத்துத் தாய்லாந்துக்குப் போய்விட்டான், கென்போ மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டிலும் சக்கரம் திண்ணையிலுமாகக் கிடக்கின்றன, மாட்டித்தர ஆள் தேடவா, நானே மாட்டவா என்று கேட்டிருக்கிறாய். நீயே மாட்டு. 2003-இல் ரங்கூனில் மோட்டார் சைக்கிள் ஓடக் கூடாது என்றதும் வண்டியை விற்றாயே, அதற்கு முன் நீயும் ஸ்பேனர் பிடித்தவன்தான். கழற்றுவதற்குப் பலம் போதும், மாட்டுவதற்குத்தான் வரிசை தெரிய வேண்டும். எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் தளர்வாக உட்கார வைத்துவிட்டு, அப்புறம்தான் முறுக்க வேண்டும். கடைக்காரனுக்கு அதற்குப் பொறுமை இருக்காது. முதல் நட்டைப் பூட்டிவிட்டுத்தான் இரண்டாவதைத் தேடுவான்.

மாட்டுவதற்கு முன் சக்கரத்தை மடியில் வைத்து ஒருமுறை பார். பேரிங்குக்குள் விரலை விட்டுச் சுற்று. சொரசொரவென்று நெருடினாலோ ஆடினாலோ இப்போதே மாற்றிவிடு, மாட்டிய பிறகு மாற்றுவது இரட்டை வேலை. பல்சக்கரம் தாங்கும் வட்டை எடுத்தால் உள்ளே ரப்பர் துண்டுகள் இருக்கும். செயின் இழுக்கிற அதிர்ச்சியை அவைதான் வாங்கிக்கொள்கின்றன. கட்டை விரலால் அழுத்திப் பார்த்தால் மீள வேண்டும். கல்லாகியிருந்தாலோ, வட்டு லொடலொடவென்று ஆடினாலோ, ஆக்ஸிலேட்டரை விட்டுப் பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் பின்னால் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். பல்சக்கரத்தின் பற்கள் ஒரு பக்கமாகக் கொக்கி மாதிரி வளைந்திருந்தால் அதற்கும் செயினுக்கும் சேர்த்தே காசு எடுத்து வை. பழைய பல்லில் புதுச் செயினைப் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

சக்கரத்தின் நடுவில் ஷூ உரசுகிற டிரம்முக்குள் இருக்கும் கறுப்புத் தூசியை வாயால் ஊதாதே. பழைய ஷூக்களில் கல்நார் இருந்திருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து எடு. ஷூவின் மேல் கிரீஸ் விரல்கூடப் படக் கூடாது. ஷூவை விரிக்கிற அந்தச் சின்னக் கேம் தண்டில் மட்டும் துளி கிரீஸ் போதும். டயரைக் கழற்றி மாட்டியிருந்தால் பக்கவாட்டில் அம்புக்குறி இருக்கிறதா பார், வண்டி முன்னே போகையில் சக்கரம் சுற்றுகிற பக்கம் அது காட்ட வேண்டும்.

அப்புறம் காலர்கள். சக்கரத்தின் நடுவே போகிற அச்சான ஆக்ஸிலில் கோர்க்கிற அந்த இரும்புக் குழாய்த் துண்டுகளைத்தான் சொல்கிறேன். பெரும்பாலும் செயின் பக்கம் ஒன்று, பிரேக் பக்கம் ஒன்று, நீளம் வேறு வேறு. மருமகன் ஒரே டப்பாவில் போட்டுவைத்திருப்பான். எது எந்தப் பக்கம் என்று குழப்பமாக இருந்தால் விளிம்பைப் பார்: செயின் பக்கத்துக் காலரின் வெளிப்புறத்தில், ஆயில் சீலின் ரப்பர் உதடு உராய்ந்து ஒரு மெல்லிய பளபளப்பான வளையம் விழுந்திருக்கும். இடம் மாறிப் போட்டால் சக்கரம் ஒரு பக்கமாகத் தள்ளி நிற்கும், செயின் கோணலாக ஓடும்.

இப்போது நீ கேட்ட முக்கியமான கேள்வி. “பிரேக் பக்கத்தில் ஒரு இரும்புப் பட்டை தனியாகத் தொங்குகிறது, அது எதற்கு, இல்லாமலே மாட்டிவிடலாமா” என்று எழுதியிருக்கிறாய். மச்சான், மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதே. பிரேக் பிடிக்கும்போது ஷூ டிரம்மைப் பற்றுகிறது. டிரம் சக்கரத்தோடு சுற்றுகிறது. அப்படியானால் ஷூவைத் தாங்குகிற தட்டும் கூடவே சுற்றத்தானே பார்க்கும்? அதைச் சுற்றவிடாமல், பின் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மோடு பிடித்து நிறுத்துவது அந்தப் பட்டை ஒன்றுதான். அதை மாட்டாமல் விட்டால், அல்லது அதன் நட்டு வழியில் கழன்று விழுந்தால், வேகத்தில் ஒருமுறை பிரேக்கை மிதித்ததும் தட்டு திரும்பி, பிரேக் கம்பியை முறுக்கி, சக்கரத்தையே பூட்டிவிடும். அதனால்தான் அந்த நட்டுக்குக் குறுக்கே ஸ்பிலிட் பின் என்கிற மடக்குக் கம்பியை வைக்கிறார்கள். பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடாதே, ஒருமுறை மடங்கிய கம்பி மறுமுறை ஒடியும். கம்பித் துண்டால் கட்டி ஓட்டுகிற ஆட்களை இங்கே பார்க்கிறேன், பார்க்கும்போதே எனக்கு அடிவயிறு கலங்குகிறது. சில மாடல்களில் பட்டைக்குப் பதிலாகத் தட்டில் ஒரு பள்ளமும் ஸ்விங் ஆர்மில் ஒரு முண்டும் இருக்கும், அங்கே பள்ளம் முண்டில் சரியாக உட்கார வேண்டும். உன் வண்டி பட்டை வகை.

தூக்கி மாட்டுவதில் பெரிய வித்தை இல்லை. வண்டிக்குப் பின்னால் ஒரு முக்காலியில் உட்கார். பிரேக் தட்டை டிரம்முக்குள் முன்னாலேயே பொருத்திக்கொள். சக்கரத்தை உள்ளே தள்ளி, இரண்டு பாதங்களையும் டயருக்கு அடியில் கொடுத்து நெம்பினால் கை இரண்டும் காலியாக இருக்கும். புது ஷூ தடிமனாக இருப்பதால் பிரேக் கம்பியின் நட்டை நன்றாகப் பின்னால் விட்டுவை. செயினைப் பல்லில் போடு. விரல் பத்திரம், செயினுக்கும் பல்லுக்கும் நடுவே விரலை விட்டுக்கொண்டு சக்கரத்தைச் சுற்றாதே. ஆக்ஸிலைத் துடைத்து மெல்லிய கிரீஸ் பூசி விடு. நம் மழைக்கு இது கட்டாயம், உலர்ந்த ஆக்ஸில் இரண்டு மழைக்காலம் பார்த்தால் துரு பிடித்து உள்ளேயே ஒட்டிக்கொள்ளும், அப்புறம் சுத்தியல்தான். நுழையும்போது தடுத்தால் அடிக்காதே. காலால் டயரைக் கொஞ்சம் ஏற்றி இறக்கினால் துளைகள் நேராகித் தானே வழுக்கிப் போகும்.

நட்டைக் கையால் மட்டும் பூட்டிவிட்டுச் செயினைப் பார். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் ஏற்றி இறக்கினால் 25 முதல் 35 மில்லிமீட்டர் ஆட வேண்டும், ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பல இடங்களில் பார்த்து, எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அங்கே இந்த அளவை வை. ஓடிய செயின் எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தேய்ந்திருக்காது. “தொங்குகிறதே, அசிங்கமாக இருக்கிறதே” என்று இறுக்கிவிடாதே. ஆள் ஏறி உட்கார்ந்ததும் ஸ்விங் ஆர்ம் மேலே எழும், அப்போது முன் பல்லுக்கும் பின் பல்லுக்கும் உள்ள தூரம் கூடும். அக்காவையும் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரு பள்ளத்தில் இறங்கினால் இறுக்கமான செயினுக்குப் போக இடமில்லை, கியர் பெட்டியின் பேரிங்கைத்தான் இழுக்கும். கடைகளில் ஏன் இறுக்குகிறார்கள் என்றால், தளர்ந்த செயின் சத்தம் போட்டால் ஆள் திரும்பி வந்து சண்டை போடுவான், பேரிங் போனால் அடுத்த வருஷம்தான் வருவான்.

செயினை இறுக்கித் தளர்த்துகிற இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் சம அளவில் திருப்பு. ஸ்விங் ஆர்மில் வெட்டியிருக்கும் கோடுகளை நான் முழுக்க நம்புவதில்லை. ஒரு நூலை எடுத்து, ஸ்விங் ஆர்ம் பூட்டியிருக்கும் முன் போல்ட்டின் நடுவிலிருந்து ஆக்ஸிலின் நடு வரை வலதும் இடதும் அளந்து பார். பின்னால் குனிந்து ஒற்றைக் கண்ணால் செயின் வழியே முன்னே பார்த்தால், அது முன் பல்லுக்கு நேராகப் போகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இனிப் பூட்டுவது. மடித்த துணியைச் செயினுக்கும் பின் பல்லுக்கும் நடுவே வைத்து, சக்கரத்தைக் கொஞ்சம் பின்னோக்கித் திருப்பினால் ஆக்ஸில் முன்னே இழுபட்டு அட்ஜஸ்டர்களோடு அழுந்தி நிற்கும். அந்த நிலையிலேயே, அக்காவைப் பிரேக் பெடலை மிதித்துக்கொண்டிருக்கச் சொல். ஷூ டிரம்மின் நடுவில் உட்கார்ந்திருக்கும்போது நட்டைப் பூட்டினால்தான் பிரேக் ஒரே சீராகப் பிடிக்கும். எவ்வளவு இறுக்கம்? இந்த மாதிரிச் சின்ன வண்டிகளுக்கு 60 நியூட்டன் மீட்டர் சுமார். அதற்கான ஸ்பேனர் நம் இருவரிடமும் இல்லை. ஓரடி நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 20 கிலோ, நம் பர்மாக் கணக்கில் 12 வீசை எடையை வைத்து அழுத்துவதாக நினைத்துக்கொள். ஸ்பேனர் மேல் ஏறி நிற்கிற வேலை வேண்டாம். நட்டு பூட்டியதும் செயினை இன்னொரு முறை பார், இறுக்கும்போது ஆக்ஸில் இம்மி நகர்ந்திருக்கும். பிறகு பட்டையின் நட்டு, புதுப் பின். செயினையே பிரித்திருந்தால் அதன் இணைப்பு லாக்கின் மூடிய முனை செயின் ஓடுகிற பக்கம் பார்த்திருக்க வேண்டும். திறந்த முனை முன்னே இருந்தால் எதிலாவது தட்டிக் கழன்றுவிடும்.

கடைசியாகப் பிரேக் கம்பி. பெடல் 20 முதல் 30 மில்லிமீட்டர் சும்மா இறங்கிய பிறகு பிடிக்க வேண்டும். சக்கரத்தைக் கையால் சுற்றினால் நிற்காமல் ஓட வேண்டும், புது ஷூவில் லேசான உரசல் சத்தம் இருந்தால் பரவாயில்லை. பெடலை மிதித்தால் பின் விளக்கு எரிகிறதா, காற்று 33 பவுண்டு இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடு.

முதல் நாளே நெடுஞ்சாலைக்குப் போகாதே. தெருவுக்குள் மெதுவாக ஓட்டிப் பிரேக்கை விட்டு விட்டுப் பிடி, புது ஷூ டிரம்மோடு படிய நேரம் எடுக்கும். அடுத்த நாள் ஷ்வேமாடோ பகோடா வரை போய் வா, வந்ததும் ஆக்ஸில் நட்டையும் செயினையும் மறுபடி தொட்டுப் பார். ரோட்டில் இன்னொன்றும் இருக்கிறது. 1970-இல் நாம் ரோட்டின் வலது பக்கமாக ஓட்டுவதற்கு மாறினோம், ஆனால் ஜப்பானிலிருந்து வந்த பழைய கார்களிலும் பஸ்களிலும் டிரைவர் இன்னும் வலது பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறான். ரோட்டு ஓரத்தை ஒட்டி உட்கார்ந்திருப்பவனுக்கு, நடு ரோட்டில் அவனைத் தாண்டுகிற உன்னைக் கண்ணாடியில்கூடச் சரியாகத் தெரியாது. ஹார்ன் அடித்துவிட்டுப் போ. சில பழைய பஸ்களின் கதவு நடு ரோட்டுப் பக்கம் திறக்கும் என்பதையும் மனசில் வை.

சம்பந்தி வீட்டார் அடுத்த வாரம் பஸ்ஸில் பெகு வழியாக ரங்கூன் போகிறார்கள். அவர்களிடம் ஸ்பிலிட் பின் கொஞ்சமும் நல்ல கிரீஸ் ஒரு டப்பாவும் கொடுத்து அனுப்புகிறேன். பல்சக்கர வட்டுக்குள் இருக்கும் ஹப் ரப்பரும் வேண்டுமென்றால் பழையதில் ஒன்றை வெள்ளைத் தாளில் வைத்து, சுற்றிலும் பென்சிலால் வரைந்து, போட்டோ எடுத்து உடனே அனுப்பு. கடையில் மாடல் பெயர் மட்டும் சொன்னால் வேறு எதையாவது மாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். அக்காவை விசாரித்ததாகச் சொல்.

உன் பழைய கூட்டாளி