எங்கள் ஒழுங்கைச் செய்தி

வெள்ளவத்தை,
கொழும்பு 06

அன்பின் மச்சான்,

நலம், நலமறிய ஆவல். அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான், மற்றபடி சுகம். மகள் ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறாள், அதைப் பற்றி யாரும் வீட்டில் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள், அதனால் இங்கேயும் அதை விட்டுவிடுகிறேன்.

உன் குரல் செய்தியைக் கேட்டேன். கனடாவில், ஸ்காபரோவில் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, நீலத் தொட்டி என்று தந்து, முறை தவறாமல் வந்து எடுத்தும் போகிறார்கள், பக்கத்து வீட்டுக்காரன் பெயர்கூடத் தெரியாமல் காரியம் நடக்கிறது, கொழும்பில் மட்டும் ஏன் சனம் குப்பையைப் பற்றி ஒழுங்கை ஒழுங்கையாகக் கூடிக் கதைத்துக்கொண்டிருக்கிறது என்று கேட்டிருந்தாய். ரெண்டு வரியில் சொல்லக்கூடிய பதில் இல்லை, அதனால்தான் சாவகாசமாக எழுதுகிறேன்.

இது சுற்றாடலைப் பற்றிக் கதைத்துத் தொடங்கிய விஷயமே இல்லை. டெங்கில்தான் தொடங்கியது. 2017-இல் நாடு முழுவதும் 186,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது. எங்கள் ஒழுங்கையிலும் அடுத்தடுத்த வீடுகளில் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் கதவு கதவாகத் தட்டி, "ஞாயிற்றுக்கிழமை காலையில ஒரு மணித்தியாலம் தாங்கோ, கானைக் கிளறித் தண்ணி ஓட விடுவம்" என்று கேட்டார். பூமி, காலநிலை என்று ஒரு வார்த்தை இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த வீட்டுக்கு அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. வந்தவர்கள் மண்வெட்டி, தும்புத்தடி, பழைய சாக்கு என்று கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

கானுக்குள்ளிருந்து வந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். சோறு சுற்றின லஞ்ச் ஷீட், யோகட் கோப்பை, ஷாம்பு பைக்கற், உடைந்த தயிர்ச்சட்டி, அதோடு முடிச்சுப் போட்ட பொலித்தீன் பைகளுக்குள் அப்படியே அழுகிப்போன மீன் செதிளும் மரக்கறித் தோலும். எல்லாவற்றையும் தெருவோரம் குவித்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றபோது, இது முழுக்க எங்கள் வீடுகளின் குப்பைதானே என்று யாரோ சொன்னார்கள். வேறு யார் வந்து அந்தக் கானுக்குள் போடப்போகிறார்கள்? அந்தக் கான் போய் விழுவது வெள்ளவத்தைக் கால்வாயில், கால்வாய் போய் விழுவது கடலில்.

அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு அன்று, ஏப்ரல் 14, கொழும்புக் குப்பையைக் கொட்டின மீதொட்டமுல்லையில் குப்பை மேடு சரிந்து வீடுகளுக்கு மேல் விழுந்தது. 32 பேர் செத்தார்கள். அங்கே இருந்த சனம் எத்தனையோ வருடமாக அந்த மேட்டுக்கு எதிராகப் போராடியது, கொழும்பில் எங்களைப் போல ஆட்கள் காலையில் பையை வாசலில் வைத்துவிட்டு அத்தோடு மறந்தோம். அதற்குப் பிறகு கொழும்புக் குப்பைக்கு இடம் தேடி 150 கிலோமீற்றருக்கு மேல் தள்ளிப் புத்தளத்தில் அறுவைக்காட்டுக்குக் கொண்டுபோகத் திட்டம் போட்டார்கள். உங்கள் குப்பைக்கு எங்கள் ஊரா என்று புத்தளச் சனம் தெருவில் இறங்கியது. அவர்கள் கேட்டது முழு நியாயம். 2021-இல் கெரவலப்பிட்டியில் குப்பையை எரித்து 10 மெகாவோட் மின்சாரம் எடுக்கும் நிலையமும் வந்தது, அதுவும் தேவைதான். ஆனால் எங்கள் ஊர்க் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறையின் ஈரக் குப்பை, மச்சான். ஈரம் நல்லாய் எரியாது. குவித்து வைத்தாலோ உள்ளே காற்றில்லாமல் அழுகி மெதேன் வாயுவாக மேலே போகும், கறுப்புத் தண்ணியாகக் கீழே மண்ணுக்குள் இறங்கும். ஈரக் குப்பை ஒழுங்கையை விட்டு வெளியே போகாவிட்டால் மற்றப் பிரச்சினைகளில் பெரும்பகுதி லேசாகிவிடும். எங்களுக்கு இது விளங்கியதற்குப் பிறகுதான் ஈரக் குப்பையைப் பசளையாக்கும் பீப்பாய் வந்தது.

பீப்பாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெரிய நீலப் பிளாஸ்டிக் பீப்பாய், பக்கமெல்லாம் துளை போட்டு, நிலத்தில் படாமல் செங்கல்லுக்கு மேல் நிற்கிறது. அடியில் தேங்காய்ப் பொச்சு. அதற்கு மேல் ஒவ்வொரு வீட்டு வாளியும் கவிழ்க்கப்படும்போது கூடவே காய்ந்த இலையோ தும்புத்தூளோ அதே அளவுக்குப் போட வேண்டும், பிறகு ஒரு தடியால் கிளறிவிட வேண்டும். காய்ந்தது குறைந்தால் நாறும், ஈரம் குறைந்தால் உக்காது. சரியாகப் போகிறதா என்று பார்க்க மூடியைத் திறக்கவே தேவையில்லை, பீப்பாயின் வயிற்றில் கையை வைத்தால் இளஞ்சூடு தெரியும். மூன்று மாதம் போனால் அடியிலிருந்து கறுத்த, மழை மண் வாசத்தோடு ஒரு பசளை வருகிறது. அதைக் கையில் அள்ளிப் பார்த்த பிள்ளைகள் இது எங்கள் வீட்டு வாழைப்பழத் தோலா என்று நம்பாமல் கேட்பார்கள்.

எதிர்ப்பும் இருந்தது. பீப்பாய்க்குப் பக்கத்து ஜன்னல்காரர் ஒரு ஐயா, மலையகத்தில் தோட்டமொன்றில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர், மணம் தாங்க முடியவில்லை என்று சத்தம் போட்டார். டீச்சர் அவரோடு வாதாடவே இல்லை, பீப்பாயை எங்கே வைத்தால் சரி என்று அவரிடமே கேட்டார். பின்மதில் ஓரமாக நிழலில் வையுங்கள், மீனும் இறைச்சியும் போடாதீர்கள், அதைத் தனியாகக் குழி வெட்டிப் புதையுங்கள் என்றார். இன்றுவரைக்கும் அதுதான் ஒழுங்கையின் சட்டம். சத்தம் போட்டவரின் பேச்சைக் கேட்டு ஒரு சட்டம் வைத்ததால்தான் மற்றவர்களுக்கும் இது நம்முடைய விஷயம் என்ற எண்ணம் வந்தது என்று நான் நினைக்கிறேன்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கூட்டத்துக்கு யார் வந்தார்கள்? வீட்டுக்காரர்கள். தலையை ஆட்டினார்கள், கையெழுத்தும் போட்டார்கள். ஆனால் குப்பையைக் கையால் தொடுவது யார்? வீடுகளுக்கு வேலைக்கு வரும் அக்காமார், மாடிப்படி கூட்டுபவர், கேற்றில் இருக்கும் வாச்சர் ஐயா. அவர்களில் அநேகம் பேர் ஹட்டன், நுவரெலியாப் பக்கம், சிலர் அவிசாவளைப் பக்கத்துச் சிங்கள ஆட்கள். வீட்டுக்காரர் மேலே இருந்து "பிரித்துப் போடு" என்று சொன்னால் அவர்களுக்கு அது கூடுதல் வேலை, அவ்வளவுதான். டீச்சர்தான் அடுத்த கூட்டத்தைப் பின்னேரம் வைக்காமல், அவர்கள் வேலை முடித்து பஸ் ஏறப்போகும் மத்தியான நேரத்தில், வாசலிலேயே வைத்தார். அன்றுதான் ஒரு அக்கா சொன்னார், வாளியை மூன்றாம் மாடியிலிருந்து தூக்கிக்கொண்டு வர முடியவில்லை, ஒவ்வொரு மாடியிலும் சின்ன மூடி வாளி வைத்தால் போகிறபோது எடுத்துக்கொண்டு போகலாம் என்று. வாச்சர் ஐயா சொன்னார், உடைந்த கண்ணாடியைக் கடதாசியில் சுற்றித் தனியாக வைத்தால் குப்பை லொறிப் பொடியன்களின் கை கிழியாது என்று. லொறியில் வருகிறவர்களுக்கும் அதிலிருந்து எங்கள் ஒழுங்கை என்றால் ஒரு பிரியம். படித்தவர்கள் நாங்கள் பதாகை எழுதுவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது வேலையை ஓட வைத்தது இந்த ரெண்டு யோசனையும்தான். பசளை விற்ற காசும் அவர்களுக்கே போகிறது, அதைப் பற்றி யாரும் மறுபேச்சுப் பேசக் கூடாது என்று நானே கூட்டத்தில் சொன்னேன். யார் கை அழுக்காகிறதோ அவர்கள் சொல்வதுதான் நடக்க வேண்டும், மச்சான். மற்றபடி இந்த இயக்கம் என்று நாங்கள் சொல்வதெல்லாம் வெறும் வட்ஸ்அப் குரூப்.

அப்புறம் இளம் பிள்ளைகள். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் கொழும்புக்கு வெளியே தீப்பிடித்து எரிந்தது நினைவிருக்கும். 1,600 தொன்னுக்கு மேல் பிளாஸ்டிக் மணிகள், பருப்பளவுதான், கடலில் கொட்டி நீர்கொழும்புப் பக்கம் மணலே வெள்ளையாகிக் கிடந்தது. தொண்டர்கள், அவர்களில் பலர் பள்ளிக்கூடமும் கம்பஸும் முடிக்காதவர்கள், மாதக்கணக்கில் குந்தியிருந்து அரிதட்டால் மணலை அரித்தார்கள். அங்கே தமிழ், சிங்களம், முஸ்லிம் என்ற பிரிவுக்கு நேரமே இருக்கவில்லை. எங்கள் ஒழுங்கையில் இப்போது சிங்களத்திலும் தமிழிலும் அறிவித்தல் எழுதும் தம்பி அந்தக் கரையில் பழகி வந்தவன்தான். 2025 ஜூலையில், மீனவர்களும் சுற்றாடல்காரர்களும் போட்ட வழக்கில், உயர் நீதிமன்றம் அந்தக் கப்பல்காரர்கள் 100 கோடி டொலர் நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னபோது அவன் ராத்திரி போன் எடுத்துக் கத்தின சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. காசு வருமா என்பது வேறு கதை. ஆனால் மணல் அரித்தவர்களும் நீதிமன்றம் போனவர்களும் ஒரே பக்கத்தில் நின்றார்கள்.

2022-இல் காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, மரக்கறி விலையைக் கேட்டால் தலை சுற்றும். அந்தக் காலத்தில் எங்கள் பசளைக்கு வந்த கிராக்கியைச் சொல்லி முடியாது. மொட்டை மாடியெல்லாம் பச்சை மிளகாயும் பொன்னாங்காணியும் வல்லாரையும். அதுவரை எட்டியும் பார்க்காத வீடுகளிலிருந்து வாளியோடு வந்தார்கள். நிலைமை சரியானதும் அவர்களில் பலர் விலகிவிட்டார்கள், அது பரவாயில்லை, இருந்தவர்கள் இருந்தார்கள். அடுத்த ஒழுங்கைக்கு இது போனதும் அந்த நேரம்தான். நாங்கள் போய்ப் பிரசாரம் பண்ணவில்லை. கொத்துக்கடை நானா அங்கே வீடு மாறினார், போகும்போது பாதி உக்கின பசளை ஒரு வாளி உறைமோர் மாதிரிக் கொண்டுபோனார். இப்போது அங்கே எங்களைவிட நல்லாய் நடக்கிறது.

அரசாங்கமும் சும்மா இல்லை. 2017 செப்டெம்பரில் லஞ்ச் ஷீட்டைத் தடை செய்தார்கள், 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் கரண்டி, ஸ்ட்ரோ, இடியாப்பத் தட்டு எல்லாம், 2025 நவம்பர் முதலாம் திகதியிலிருந்து கடையில் பொலித்தீன் பை இலவசம் இல்லை. அந்தக் கடைசிச் சட்டம் நல்லாய் வேலை செய்கிறது, வெள்ளவத்தைச் சந்தையில் திரும்பவும் பன்புல்லால் பின்னின பைகளைப் பார்க்கிறேன். நாட்டைச் சுத்தமாக்க கிளீன் ஸ்ரீலங்கா என்று 2025 ஜனவரியில் பெரிய திட்டமும் தொடங்கினார்கள். நான் அதை வரவேற்கிறவன். ஆனால் ஊர் கூடிக் கூலியில்லாமல் உழைக்கும் சிரமதானம் இந்த நாட்டுக்குப் புதிதல்ல, 1958-இலேயே ஆரியரத்ன என்ற ஆசிரியர் தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு ஏழைக் கிராமத்துக்குப் போய் அங்கேயே தங்கி, அந்தச் சனத்தோடு சேர்ந்து வேலை செய்துதான் சர்வோதய இயக்கத்தைத் தொடங்கினார். மேலேயிருந்து வரும் உத்தரவு, கீழே ஏற்கெனவே ஆட்கள் பழகியிருக்கிற இடத்தில்தான் பிடித்து நிற்கிறது. மற்ற இடத்தில் ஒரு நாள் படம் எடுப்பதோடு சரி. ஒரு கொம்பனி எங்களுக்கும் ரீ-ஷேர்ட் அடித்துத் தருகிறோம், தங்கள் பெயர் போட்ட பதாகையோடு ஒரு ஞாயிறு நில்லுங்கள் என்று கேட்டது. வேண்டாம் என்றோம்.

எங்களால் முடியாததும் இருக்கிறது. 2018-இல் கொழும்பை, ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ், ஈரநில நகரம் என்று அங்கீகரித்தார்கள், உலகத்தில் முதல் 18 நகரங்களில் ஒன்று. பத்தரமுல்லைப் பக்கம் சதுப்புக்குள் மீன்பிடிப் பூனை இன்னும் இருக்கிறது. 2010-இல் பாராளுமன்றத்தையே வெள்ளம் சூழ்ந்தபோது விளங்கியிருக்க வேண்டும், மழைத் தண்ணியைத் தாங்குவது அந்தச் சதுப்புகள்தான். அதை யாராவது மண் போட்டு நிரப்பினால் எங்கள் பீப்பாய் ஒன்றும் செய்யாது. அதனால் இப்போது அந்தப் பக்கத்துச் சனத்தோடு தொடர்பு வைத்திருக்கிறோம், லொறி மண் கொண்டுவந்து கொட்டினால் படம் எடுத்து முறைப்பாடு கொடுக்க அவர்களுக்கு உதவுகிறோம். சின்ன வேலையில் பழகின ஆட்கள்தான் இந்தப் பெரிய வேலைக்கும் வருகிறார்கள்.

சரி, உன்னிடம் ஒரு காரியம். பழைய மாணவர் குரூப்பில் காசு சேர்த்து அனுப்பவா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு வேண்டாம். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் லண்டனிலும் கனடாவிலும் இருக்கிறீர்கள், இங்கே இருப்பது வாடகைக்காரர்கள், வருடாவருடம் ஆள் மாறுகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு முதலிலிருந்து சொல்லிக் கொடுத்தால் அவர்களும் செய்கிறார்கள், அது பிரச்சினை இல்லை. ஆனால் பின்வளவில் பீப்பாய் வைக்க சொந்தக்காரர்களின் சம்மதம் இல்லாமல் முடியாது என்று உங்கள் தொடர்மாடி நிர்வாகக் குழு சொல்கிறது. உன் பிளட்டுக்காக நீ ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் பண்ணி அனுப்பு. மொன்றியலில் இருக்கும் உன் மச்சினனும் அதே கட்டடத்தில்தானே ஒரு வீடு வைத்திருக்கிறார், அவரிடமும் வாங்கு. உன் வீட்டில் இப்போது இருப்பது மட்டக்களப்புப் பிள்ளைகள் ரெண்டு பேர், தாங்களே பீப்பாயைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். மழைக்கு முன்னால் வைத்தால் நல்லது, இந்த மாதக் கடைசிக்குள் அனுப்பிவிடு.

பிள்ளைகளுக்கும் தங்கச்சிக்கும் எங்கள் அன்பைச் சொல்லு.

உன் பழைய கூட்டாளி