பென்ஸ் லாரித் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆடி மாத வண்டி வேடிக்கை ஊர்வலத்தில் நம் தெருவின் சாமி வேடங்களை ஏற்றிவரும் பழைய பென்ஸ் லாரியின் சீரமைப்பு முடிந்து, வண்டி சேலம் குகைப் பகுதியிலுள்ள நம் கொட்டகைக்கு வந்து சேர்ந்துவிட்டது. கோயிலுக்குச் சொல்லும் சொல்லை லாரிக்குச் சொல்லலாமா என்று முதற்கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சாமி வேடம் ஏறுகிற வண்டிக்குச் செய்வதும் திருப்பணிதான் என்று பெரியவர்கள் சொன்னதால் அந்தப் பெயரே நிலைத்தது. வரவு செலவுக் கணக்கு தனித்தாளாக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. எதைப் பழையபடி செய்தோம், எதை விட்டுவிட்டோம், பழையபடி என்றால் எது என்பதை எப்படி முடிவு செய்தோம் என்பவற்றை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

கம்பெனியிலிருந்து வந்தது போலவே இருக்க வேண்டும் என்பது பொதுக்குழுவின் தீர்மானம். ஆனால் கம்பெனியிலிருந்து அது எப்படி வந்தது என்று சொல்ல நம்மிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஏற்காட்டுக் காப்பித் தோட்டமொன்றில் மூட்டை சுமந்து, மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கி ஓய்ந்த பிறகுதான் வண்டி நம்மிடம் வந்தது. தோட்டம் கைமாறியபோது மற்ற காகிதங்கள் தொலைந்து, ஆர்.சி. புத்தகம் மட்டும் மிஞ்சியது.

வண்டியின் முகப்பில் டாட்டாவின் 'டி' முத்திரை இருந்ததால் அது டாட்டா வண்டி என்றே பலரும் எண்ணியிருந்தோம். டாட்டாவின் டெல்கோ நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸுடன் 1954-ல் ஒப்பந்தம் செய்து ஜாம்ஷெட்பூரில் லாரிகளைச் செய்தது. அந்த ஒப்பந்தம் 1969-ல் முடியும்வரை முகப்பில் இருந்தது பென்ஸ் நட்சத்திரம். ஆர்.சி. புத்தகத்திலுள்ள தயாரிப்பு ஆண்டு அதற்கு முந்தியது. எனவே முகப்பை யாரோ பின்னாளில் மாற்றியிருக்க வேண்டும். நட்சத்திரம் என்று சொல்லி ஒரு கடைக்காரர் விற்றது கார் நட்சத்திரமாகப் போய்விட்டது. அந்தத் தொகை கணக்கில் நட்டமாகவே காட்டப்பட்டுள்ளது.

உண்மையான சாட்சி, பானட்டுக்குப் பின்னாலிருக்கும் கம்பெனித் தகட்டில் கிடைத்தது. அடுக்கடுக்காக ஏறியிருந்த எனாமலைச் சுரண்டாமல், பெயின்ட் கரைக்கும் மருந்தைத் துணியில் தொட்டு மூன்று நாள் துடைத்து, பிறகு மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எழுத்துகளை எடுத்தோம். எல் 312/42 என்று வந்தது. எல் என்பது ஜெர்மன் மொழியில் சரக்கு வண்டியைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்து. 312 என்பது வகை எண். பிற்காலத்து டாட்டா லாரியின் 1210 என்ற பெயரில் 12 டன் மொத்த எடையும் 100 குதிரைத்திறனும் அடங்கியிருப்பது போல இதில் எடையோ திறனோ இல்லை. கடைசியிலுள்ள 42, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரம் 4.2 மீட்டர் என்பதைச் சொல்கிறது. டேப் பிடித்து அளந்ததில் அதுவும் ஒத்துவந்ததால், வண்டியின் அடிச்சட்டத்தை யாரும் வெட்டி நீட்டவில்லை என்று தெரிந்து நிம்மதியடைந்தோம்.

என்ஜின்தான் எங்களை அலைக்கழித்தது. அந்த வகை வண்டிக்குரிய ஓ.எம். 312 டீசல் என்ஜினுக்கு ஆறு சிலிண்டர்கள், 90 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 120 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 4,580 சி.சி. கொள்ளளவு. நம் வண்டியில் போர் 92 என்று காட்டியது. டாட்டா பின்னாளில் செய்த 692 என்ஜினுக்கு ஆறு சிலிண்டரும் 92 போரும் என்பது பெயரிலேயே இருக்கிறது. ஸ்ட்ரோக் இரண்டுக்கும் ஒன்றுதான். தேய்ந்த என்ஜினைக் கடைந்து பெரிதாக்குவது வழக்கமாதலால், போர் அளவை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று பட்டறையின் மூத்த மெக்கானிக் தடுத்தது நல்லதாயிற்று. பிளாக்கில் வெட்டியிருந்த எண்ணைத் தேய்த்துப் பார்த்தபோது அது தகட்டிலுள்ள எண்ணோடு ஒத்துப்போகவில்லை, ஆர்.சி. புத்தகத்தின் பின்பக்கத்தில் என்ஜின் மாற்றம் என்று பதிந்திருந்த எண்ணோடு ஒத்துப்போனது. ஆகவே இது மாற்று என்ஜின்தான். ஓடுகிற என்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடாத பழையதைத் தேடுவதில் குழுவினரில் பெரும்பாலோருக்கு உடன்பாடில்லை. அதையே புதுப்பித்து வைத்திருக்கிறோம்.

டீசல் பம்பில் மைக்கோ பெயர் இருந்ததைப் போலி என்று ஓர் உறுப்பினர் சொன்னார். டீசல் பம்ப் செய்யும் ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தோடு தொடர்புடைய இந்தியக் கம்பெனியாக 1951-ல் தொடங்கப்பட்டதே மைக்கோ. அதனால் பம்பில் கை வைக்கவில்லை. ஸ்டீயரிங் பிராக்கெட்டில் மட்டும் மில்லிமீட்டர் ஸ்பேனருக்குப் பிடி கொடுக்காத அங்குல போல்ட்டுகள் இருந்தன. ஜெர்மன் வழிவந்த வண்டியில் அவற்றுக்கு வேலையில்லை என்பதால் மாற்றினோம். பின் அச்சைத் திறந்து பற்களை எண்ணியதில் பினியன் என்ற சிறு பற்சக்கரத்தில் 6, கிரௌன் என்ற பெரிய பற்சக்கரத்தில் 41. அதாவது பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, என்ஜின் பக்கமிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஏறக்குறைய 6.83 சுற்றுச் சுற்றும். வேகம் குறைவு, இழுவை அதிகம். மலைக்கு மட்டுமன்றி, ஊர்வலத்தில் நடையாக நகர்வதற்கும் அதுவே தோது.

கேபினைப் பற்றி வந்த கடிதங்களே அதிகம். கம்பெனி கேபினை ஏன் வாங்கிப் பொருத்தவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அந்நாளில் லாரிகள் பெரும்பாலும் சேசிஸ் (அடிச்சட்டம்), என்ஜின், பானட் என்ற அளவிலேயே கம்பெனியை விட்டு வெளியே வந்தன. கேபினையும் பாடியையும் சங்ககிரி, நாமக்கல், திருச்செங்கோடு போன்ற ஊர்களின் பட்டறைகளில் ஆசாரிகள் மரத்தில் கட்டினார்கள். நம் வண்டியின் கேபினும் மரக்கேபினே. அதன் நீள அகலத்தைச் சொல்லும் கம்பெனிக் குறிப்பு எங்கும் கிடையாது. ஆசாரியின் முழக்கோல்தான் அதற்குக் குறிப்பு. எனவே பழைய வண்டி வேடிக்கைப் புகைப்படமொன்றில் கேபினருகே நிற்கும் ஆளின் உயரத்தை வைத்துக் கணக்கிட்டு, மிஞ்சியிருந்த இரண்டு தூண்களின் துளைகளைப் பார்த்து, புதுக் கேபின் கட்டப்பட்டது. ஜன்னல் இரண்டு விரற்கடை ஏறிவிட்டது என்று அந்நாளில் வண்டி ஓட்டிய பெரியவர் சொல்கிறார். அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம்.

கம்பெனி அளவுகளை ஒரு தாளிலும், மாற்றங்களை மற்றொரு தாளிலும் எழுதி, கருவிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறோம். தகட்டை மட்டும் பெயின்ட் அடிக்காமல் எண்ணெய் தடவி விட்டிருக்கிறோம். ஆடி அலங்காரத்தின்போது அதன்மேல் தூரிகை படாமல் பார்த்துக்கொள்ளுமாறு வேலையாட்களிடம் சொல்லிவிடக் கோருகிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்