சுனாமி தெரிந்த பிள்ளைகளுக்குக் கொரோனா தெரியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலூர்ப் பிள்ளைகளிடம் சுனாமியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 2004-ல் அவர்கள் பிறக்கவே இல்லை, ஆனாலும் தேவனாம்பட்டினத்தில் யார் எப்படித் தப்பித்தார்கள் என்று கூட இருந்து பார்த்ததுபோலச் சொல்வார்கள். 2011 தானே புயலும், அதில் சாய்ந்த பண்ருட்டிப் பலா மரங்களும் அப்படித்தான். ஆனால் அவர்களே தாண்டி வந்த கொரோனாவைக் கேட்டால், "ஸ்கூல் லீவு, செல்போன்ல கிளாஸ்" என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள்.

வீட்டில் யாரும் வாயைத் திறப்பதில்லை, அதுதான் காரணம். சொந்தக்காரர் சாவுக்குப் போகமுடியாமல் போனதையும், பக்கத்து வீட்டுக்குத் தகரம் அடித்தபோது வேடிக்கை பார்த்ததையும் யார் உட்கார்ந்து சொல்வார்கள்? பள்ளியில் பிராஜெக்ட் கொடுத்தால் பிரவுசிங் சென்டரில் முள் முள்ளாக வைரஸ் படத்தை பிரின்ட் எடுத்து சார்ட்டில் ஒட்டி, கீழே "கைகளைக் கழுவுவோம்" என்று எழுதினால் மார்க் கிடைத்துவிடும். அப்புறம் அந்த சார்ட் பீரோ மேல் ஏறிவிடும்.

நான் கேட்பது இதுதான்: அந்த சார்ட்டுக்குப் பதிலாக, தெருவில் ஒரு பெரியவரிடம் பேசி எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

2020 மே மாதத்தில், கொரோனா பரவிய சென்னை கோயம்பேடு சந்தையிலிருந்து நம் மாவட்டத்துக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர்! எங்கள் தெருவிலும் ஒருவர், மூட்டை தூக்குபவர், லாரியில் மற்றவர்களோடு நெருக்கியடித்து உட்கார்ந்து வந்தார். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. தொண்டையில் குச்சி விட்டு எடுத்த சளி மாதிரியில் பாசிட்டிவ் என்று வந்ததும், தெரிந்தே வந்து பரப்பிவிட்டான் என்று தெருவே பேசியது, இன்றும் சிலர் அதையே சொல்கிறார்கள். அவரிடம் ஒரு பிள்ளை போய், சந்தையில் எங்கே தூங்கினீர்கள், எத்தனை பேர் ஒரே இடத்தில் சாப்பிட்டீர்கள் என்று கேட்கட்டும். அறிகுறியே இல்லாத ஆளிடமிருந்தும் இந்த நோய் தொற்றும், உடம்பில் நுழைந்த பிறகு வெளியே தெரியச் சில நாள் ஆகும், அதனால்தான் 14 நாள் தனியாக வைத்தார்கள் என்பதெல்லாம் அந்தக் கதைக்குள்ளேயே வந்துவிடும். அவர் பொய் சொல்லவில்லை என்பதும் புரியும், அது எந்தப் பாடப்புத்தகத்திலும் கிடைக்காது.

புதுச்சேரி எல்லையில் முள்ளோடைச் சோதனைச்சாவடியில் இ-பாஸ் இல்லாமல் திரும்பியவர்கள், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு மாதா மாதம் மருந்து வாங்கப் போகிறவர்கள், வீடு வீடாக வந்து காய்ச்சல் கேட்ட சுகாதாரப் பணியாளர்கள் என்று சொல்ல ஆளுக்கா பஞ்சம்? 2021 ஏப்ரல், மே மாதங்களில் ஆக்சிஜன் படுக்கைக்கு அலைந்த குடும்பங்களிடம் மட்டும் கொஞ்சம் பொறுமையாகப் போகவேண்டும். பேச மனமில்லை என்றால் விட்டுவிட வேண்டும், மார்க்குக்காகப் போய்க் குத்திக் கிளறக்கூடாது.

இன்னொன்று, கேட்பதையெல்லாம் அப்படியே நம்பிவிடவும் கூடாது. "கபசுரக் குடிநீர்தான் என்னைக் காப்பாற்றியது" என்று ஒருவர் சொன்னால் அது அவர் அனுபவம், சரி. ஆனால் தொற்றியவர்களில் பெரும்பாலோர் எப்படியும் பிழைத்தார்கள், ஆகவே ஒருவர் பிழைத்ததை வைத்து மருந்தை எடைபோட முடியாது என்று அறிவியல் ஆசிரியர் அந்த இடத்தில் நிறுத்தி விளக்கவேண்டும். தடுப்பூசி போட்டதால்தான் செத்தார் என்ற பேச்சு வந்தாலும் இதே கதைதான். மூடி மறைப்பதைவிட வகுப்பில் போட்டு அலசுவது நல்லது.

உங்கள் சிறுவர் பக்கத்தில் இப்படி எழுதி வருவதற்கு வாரம் ஒரு பத்தி ஒதுக்க முடியுமா? வீட்டில் பெயர் வேண்டாம் என்றால் பெயரையும் தெருவையும் எடுத்துவிட்டுப் போடுங்கள். கோயம்பேட்டுக்காரர் என்ற முத்திரையை ஒருமுறை குத்தியதே போதும்.

ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்.