மூங்கில் ஒட்டிய இயர்பட்ஸ் குறித்த புகார்

அனுப்புநர்: தங்கள் வாடிக்கையாளர், திருச்சிராப்பள்ளி.
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என விற்கப்பட்ட இயர்பட்ஸின் பேட்டரியை மாற்றித்தர மறுத்தமை – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். 2024 நவம்பரில் தங்கள் நிறுவனத்தின் கம்பியில்லா இயர்பட்ஸை 2,799 ரூபாய்க்கு வாங்கினேன். ஏறத்தாழ இதே வசதிகளுடன் பாதி விலையில் வேறொன்று அதே கடையில் இருந்தும் இதை எடுத்ததற்குக் காரணம், பெட்டியின் மேல் பச்சை இலைப் படத்துடன் அச்சிட்டிருந்த 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது, அறவழியில் தயாரித்தது' என்ற வாசகமும், சார்ஜிங் பெட்டியின் மூங்கில் மூடியும்தான்.

பதினான்காம் மாதத்தில் வலப்பக்க இயர்பட் இருபது நிமிடத்துக்கு மேல் தாங்காமல் அணையத் தொடங்கியது. தங்கள் சேவை மையத்தில் இருந்த தம்பி, "பேட்டரி தனியா வராது சார், வாரண்டியும் முடிஞ்சிடுச்சு, புதுசு எடுத்தா முப்பது சதவீதம் தள்ளுபடி" என்றார். பழையதை என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு மேசைக்கடியில் கிடந்த அட்டைப்பெட்டியைக் காட்டினார். அது எங்கே போகிறது என்பது அவருக்கே தெரியவில்லை. அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, சொல்லிக் கொடுத்ததைச் சொன்னார்.

பிறகு எங்கள் தெருமுனையில் செல்போன் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். அவர் பிளேடு நுனியால் பசையைக் கிளறி இயர்பட்டின் மேலோட்டைப் பிளந்ததும், சட்டைப் பொத்தான் போல, '1254' என்று பொறித்த பேட்டரி வெளியே வந்தது. 12 மில்லிமீட்டர் விட்டமும் 5.4 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட, பல நிறுவனங்கள் பயன்படுத்தும் அளவுதான் அது. புதியதைப் பொருத்தலாம், ஆனால் பிளந்த மேலோட்டை மறுபடி மூட வழியில்லை என்று கையை விரித்துவிட்டார். சார்ஜிங் பெட்டியின் மூங்கிலோ நகம் பட்டதுமே உரிந்து வந்தது. காகிதம் போன்ற சீவல், அடியில் வெள்ளைப் பிளாஸ்டிக்.

மூங்கில் உரிந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஒரு பொத்தான் பேட்டரி ஓய்ந்தால் முழுப் பொருளும் குப்பைக்குப் போகும்படி ஒட்டி மூடிவிட்டு, அதற்கு இலைப் படம் போட்டதைத்தான் ஏற்க முடியவில்லை. இத்தகைய லித்தியம் பேட்டரிகளில் பெரும்பாலும் சேரும் கோபால்ட் என்ற உலோகத்தில் பாதிக்கும் மேல் காங்கோ ஜனநாயகக் குடியரசின் சுரங்கங்களிலிருந்து வருகிறது. ஏழு வயதுப் பிள்ளைகள்கூட அங்கே வேலை செய்ததை மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2016-இல் ஆவணப்படுத்தியது. 'அறவழியில்' என்று அச்சிட்ட தாங்கள், இந்தப் பேட்டரியின் கோபால்ட் எங்கிருந்து வந்தது என்பதை அறிவீர்களா?

இவ்வளவு சிறிய பொருளில் வேறு வழியில்லை என்று தாங்கள் பதில் எழுதக்கூடும். நெதர்லாந்தின் ஃபேர்போன் நிறுவனம் 2024-இல் வெளியிட்ட இயர்பட்ஸில், காதுப் பகுதியின் பேட்டரியையும் சார்ஜிங் பெட்டியின் பேட்டரியையும் வாங்கியவரே மாற்றிக்கொள்ள முடிகிறது. வெளியானபோது விலை 149 யூரோ, கூடுதல்தான். ஆனால் அப்படிச் செய்ய முடியும் என்பது அதிலேயே தெரிகிறது. கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதியும் 2027 பிப்ரவரியில் நடைமுறைக்கு வருகிறது.

நம் நாட்டிலும், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' போன்ற வாசகங்களுக்கு ஆதாரம் காட்ட வேண்டியது விளம்பரம் செய்பவரின் பொறுப்பு. தீர்ந்த பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் கடமையைப் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், 2022 உற்பத்தியாளர்மீதே சுமத்துகின்றன. மேசைக்கடி அட்டைப்பெட்டி அதற்குப் போதாது.

ஆகவே, நான் செலுத்திய தொகையைத் திருப்பித் தருமாறும், மேற்கண்ட இரு வாசகங்களுக்கும் உள்ள ஆதாரத்தை எழுத்துப்பூர்வமாக அனுப்புமாறும், ஆதாரம் இல்லையெனில் அவற்றைப் பெட்டியிலிருந்து நீக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன். தள்ளுபடிக் கூப்பன் வேண்டாம். பதினைந்து நாட்களுக்குள் பதில் வராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகுவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், பெட்டி வாசகத்தின் படம், உரிந்த மூங்கில் சீவல்.