கரண்ட் இருக்கிறது, வோல்ற்றேஜ் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை உப்புவெளியில் மோட்டர் வைண்டிங் கடை (எரிந்த மோட்டருக்குக் கம்பி சுற்றிக் கொடுக்கும் கடை) வைத்திருக்கிறேன். வீட்டுத் தண்ணீர் மோட்டர், மா அரைக்கும் மில் மோட்டர், மின்விசிறி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளின் பம்புகள் எல்லாம் என் மேசைக்கு வரும். மின்சாரம் பற்றிப் பத்திரிகையில் வருவது கட்டணமும் மின்வெட்டும்தான். என் மேசையில் கிடப்பவையோ கரண்ட் இருக்கும்போது எரிந்தவை.

நம் இலங்கையில் வீட்டு மின்சாரம் 230 வோல்ற். அதில் 6 வீதம் கூடலாம், குறையலாம். அதாவது 216க்குக் கீழே இறங்கக்கூடாது, 244க்கு மேலே ஏறக்கூடாது. ஆனால் ட்ரான்ஸ்போமரிலிருந்து நீண்டுகொண்டே போகும் லைனின் கடைசி வீடுகளில், எல்லோரும் விளக்குப் போட்டுச் சமைக்கிற மாலை ஏழு மணியளவில் மீற்றரைப் பிடித்துப் பாருங்கள். நான் பார்த்தபோது 190 காட்டியது, சில நாள் அதற்கும் கீழே. லைட் எரியும், ரீவி ஓடும், ஆகவே யாரும் முறையிடுவதில்லை. மோட்டருக்கு அது சரிவராது. தூக்க வேண்டிய தண்ணீர் அதே தண்ணீர்தான். வோல்ற்றேஜ் குறைந்தால் அம்பியரைக் கூட்டி இழுத்துச் சூடாகும். தொடங்கும்போது வேகம் பிடிக்காவிட்டால் உள்ளே இருக்கும் சுவிட்ச் விடுபடாது. ஓரிரு விநாடி மட்டும் வேலை செய்ய வேண்டிய ஸ்டாட்டிங் கம்பிச்சுருள் அப்படியே கருகிப்போகும். மூடியைக் கழற்றினால் அந்தக் கரியே கதை சொல்லும். எல்லா மோட்டரும் இதனால்தான் எரிகிறது என்று சொல்லமாட்டேன், பெயரிங் இறுகியும் கிணறு வற்றியும் எரிவது உண்டு. ஆனாலும் "சைனா சாமான், அதுதான் போய்விட்டது" என்று ஆட்கள் மோட்டரையே திட்டும்போது பாவமாக இருக்கும். (எரிந்தால் எனக்குத்தானே உழைப்பு என்று கேட்பீர்கள். செப்புக் கம்பி விற்கிற விலையில் பாதிப்பேர் மோட்டரைத் திருப்பி எடுக்கவே வருவதில்லை.)

இது குறைந்தால் வரும் தொல்லை. கூடினால் இன்னும் மோசம். கடலோர ஊர் என்பதால் உப்புக்காற்றில் கம்ப இணைப்புகள் அரிக்கும். கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பி விட்டுப்போனால் 230 வரவேண்டிய வீட்டுக்குள் 400ஐ நெருங்கும். போன மாரியில் எங்கள் தெருவில் அப்படி நடந்து, பிரிட்ஜ், ரீவி, சாஜர் எல்லாம் ஒரே நிமிடத்தில் போயின. ஓய்வூதியத்தில் வாழும் ஓர் அம்மா முறைப்பாடு கொடுக்கப் போன இடத்தில், வோல்ற்றேஜ் கூடியதற்கு ஆதாரம் கேட்டிருக்கிறார்கள். ஆதாரத்துக்கு அவர் எங்கே போவார்? அவர் வீட்டு மீற்றர் யூனிட்டைத்தான் எண்ணும். எத்தனை வோல்ற் வந்தது என்று குறித்து வைக்காது.

2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த, மின்துறையைக் கண்காணிக்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கட்டணம் மாறும்போது மக்களின் கருத்தைக் கேட்கிறது. 2023 பெப்ரவரியில் 66 வீதம் கூட்டியது, 2025 ஜனவரியில் 20 வீதம் குறைத்தது, அதே ஜூனில் 15 வீதம் கூட்டியது எல்லாம் எங்களுக்கு மனப்பாடம். பக்கத்துச் சாம்பல்தீவில் போன மாதம் எத்தனை மணிநேரம் வோல்ற்றேஜ் 216க்குக் கீழே கிடந்தது என்று கேட்டால் யார் சொல்வார்கள்? 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஏறி நாடே இருண்டபோது ஆளாளுக்கு விளக்கம் சொன்னார்கள். அந்தக் குரங்குக்குக் கிடைத்த கவனத்தில் கால்வாசி எங்கள் கடைசிக் கம்பத்துக்குக் கிடைத்தாலே போதும்.

நான் கேட்பது பெரிய செலவில்லை. வோல்ற்றேஜைப் பதிந்து வைக்கும் சின்னப் பெட்டிகள் இருக்கின்றன. லைன்களின் கடைசியில் ஒவ்வொன்றை மாட்டி, வந்த கணக்கை ஊர்வாரியாகத் தமிழிலும் வெளியிடட்டும். அளப்பவர் விநியோகம் செய்பவராக இருக்கக்கூடாது, ஆணைக்குழுவே அளக்க வேண்டும். அப்புறம் பொருள் எரிந்தவரிடம் ஆதாரம் கேட்கத் தேவையில்லை, பதிவைப் பார்த்தால் தெரிந்துவிடும். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் மின்சார சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வழி செய்திருக்கிறது. விநியோகிப்பவருக்கு இதை நிபந்தனையாக எழுத இதைவிட நல்ல நேரம் வராது.

எங்கள் மாவட்டத்துச் சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமரும் எங்கள் ஜனாதிபதியும் தொடக்கம் வைத்தார்கள். நல்லது, வரட்டும். ஆனால் தெருக் கம்பி பழையபடி மெலிந்து நீண்டு கிடந்தால், அந்த மெகாவாட் எதுவும் கடைசி வீட்டுத் தண்ணீர் மோட்டரைச் சுற்ற வைக்காது.

வாடைக்காற்று தொடங்குமுன் முதல் பெட்டியை மாட்டுங்கள். எந்தக் கம்பம் என்று நான் வந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
மோட்டர் வைண்டிங் தொழிலாளி,
உப்புவெளி, திருகோணமலை.